ஆடுகிற பெஞ்சு

— முதுகை நிமித்தி உக்காருங்க சார். இப்படிக் குறுகி உக்காந்தா, உள்ள போறதுக்கு முன்னாடியே பாதி வேலை போயிடும்.

— பெஞ்சு ஆடுதுங்க. அதான்.

— பெஞ்சு ஆடட்டும் சார், நாம ஆடக் கூடாது. அதான் மேட்டரே. மூணு நாள் தன்னம்பிக்கை கிளாஸ் போயிட்டு வந்திருக்கேன். தினமும் காலைல கண்ணாடி முன்னாடி இடுப்புல கை வச்சு ரெண்டு நிமிஷம் நிக்கணும். என் பொண்ணு பாத்துட்டு, "அம்மா, அப்பா பஸ்ஸுக்கு நிக்கறாரு"ங்கறா.

— பலன் தெரியுதுங்களா?

— இன்னிக்குத் தெரிஞ்சாகணும். எட்டு மாசமா வீட்ல இருக்கேன் சார். இது அஞ்சாவது இன்டர்வியூ. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா மாமனாரோட செருப்புக் கடைல போய் உக்காரணும். மனுஷன் எனக்குன்னு ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுட்டாரு. நீங்களும் இந்த குடோன் இன்சார்ஜ் வேலைக்குத்தானே?

— என்னையும் மேல வரச் சொன்னாங்க. எதுக்குன்னு சொல்லலைங்க.

— அப்ப போட்டிதான். பரவால்ல, நல்லா இருங்க. எங்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க பாப்போம். மேனேஜர் மாதிரி முறைச்சுக்கிட்டுக் கேக்கணும்.

— எனக்கு முறைக்க வராதுங்க, சும்மா கேக்கறேன். மருந்து குடோன். போன மாசம் வந்த சரக்கு இருக்கு, நேத்து வந்ததும் இருக்கு. எதை முதல்ல வெளிய அனுப்புவீங்க?

— போன மாசத்துதை. கண்ணைப் பாத்துச் சொல்றேன் பாருங்க. போன மாசத்துதை.

— தப்புங்க. பெட்டி மேல தேதி பாக்கணும். நேத்து வந்தது முதல்ல காலாவதி ஆகும்னா, அதுதான் முதல்ல போகணும்.

— அடடே. இது கிளாஸ்ல வரலியே.

— சரி, இருக்கட்டும். ஊசி மருந்து லாரியில வந்து நிக்குது. குளிர் ரூம்ல கரண்ட் இல்ல. என்ன பண்ணுவீங்க?

— பதட்டப்பட மாட்டேன். மூச்சை நல்லா உள்ள இழுத்து...

— நீங்க இழுத்து விடறதுக்குள்ள டிரைவர் பாதி சரக்கை இறக்கிடுவான். லாரிக் கதவைத் திறக்கவே விடாதீங்க. உள்ள குளிர் நிக்கும். ஜெனரேட்டர் ஓடி ரூம் சில்லுனு ஆன பிறகு இறக்கினாப் போதும்.

— புட்டுப் புட்டு வைக்கறீங்க சார். ஆனா இவ்வளவு சன்னமாச் சொன்னா யாரு காதுல விழும்? கான்ஃபிடன்ஸ் வேணும் சார், அதான் மேட்டரே. இல்லேன்னா இப்ப இங்க இருக்கறவரு கதிதான்.

— யாரு கதி?

— இப்ப இருக்கற குடோன் இன்சார்ஜ். ஃபோன்ல பேசின பொண்ணு விவரமாச் சொல்லிச்சு. பதினாறு வருஷமா இருக்காராம். மீட்டிங்ல வாயே திறக்க மாட்டாராம். கலகலப்பாப் பேசற ஆளா வேணுமாம் இவங்களுக்கு.

— குடோன்ல யாருகிட்டங்க கலகலப்பாப் பேசறது?

— அது அவங்க கவலை சார்.

— அவருக்கு உதவிக்கு ஒரு ஆள் எடுக்கறதாத்தானே பேச்சு?

— உதவிக்கா? நல்லாச் சொன்னீங்க. இந்த லெட்டரைப் படிங்க. "ஒன்றாம் தேதி முதல் குடோனின் முழுப் பொறுப்பு." ஆளை வீட்டுக்கு அனுப்பறாங்க சார். பாவம், அந்த மனுஷனுக்கே இன்னும் சொல்லலையாம்.

— இன்னும் சொல்லலியா.

— லெட்டரைக் குடுங்க, கசங்குது. ஏன் சார் இப்படி இறுக்கிப் பிடிக்கறீங்க? உள்ள போயும் இப்படிப் பதறினா அவ்வளவுதான். நல்லா மூச்சை இழுங்க.

— உங்க பொண்ணுக்கு என்ன வயசுங்க?

— ஆறு. ஏன் சார்?

— சும்மாத்தான். மூச்சு இழுக்கற கதையை மட்டும் உள்ள சொல்லிடாதீங்க. லாரிக் கதவுன்னு ஆரம்பிங்க.

— லாரிக் கதவு. சரி. மணி அடிச்சுட்டாங்க, என்னைத்தான். உங்க புண்ணியத்துல ரெண்டு கேள்விக்கு பதில் கைல இருக்கு. உங்களை எப்ப சார் கூப்பிடுவாங்க?

— என்னைக் கூப்பிட வேண்டியதில்லைங்க. மேல வரும்போது சாவிக்கொத்தைக் கையோட எடுத்துட்டு வான்னாங்க, எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. இந்தாங்க, நீங்களே கொண்டு போங்க. மூணாம் நம்பர் ரூம் பூட்டு மக்கர் பண்ணும், கதவை லேசாத் தூக்கிப் பிடிச்சுத் திறக்கணும்.