இடுப்பளவு

டெய்லர்: பரவால்ல.

நர்ஸ்: ஐயா, பரவால்லங்கறதுக்கு இந்த ஃபாரத்துல கட்டமே இல்ல. நாலுதான் இருக்கு. இல்லவே இல்ல, கொஞ்சம், நெறைய, ரொம்ப அதிகம்.

டெய்லர்: சரி, கேள்விய இன்னொரு தடவ சொல்லு.

நர்ஸ்: போன வாரத்துல, கெட்டியா எதாவது சாப்பிட்டப்ப முழுங்கக் கஷ்டமா இருந்துச்சா?

டெய்லர்: பரவால்ல.

மனைவி: என்னங்க நீங்க... அந்தப் பொண்ணு தலையப் பிச்சுக்கப் போவுது. இவரு அப்படித்தாம்மா. என்னைப் பாத்துட்டுப் போனப்ப பொண்ணு எப்படின்னு கேட்டதுக்கும் பரவால்லன்னுதான் சொன்னாராம்.

டெய்லர்: உண்மையத்தானே சொன்னேன்.

மனைவி: வாயப் பாரு! வயித்துல பாதிய வெட்டி எடுத்தாங்களே, அப்படியே நாக்குலயும் ஒரு ஓரத்த எடுத்திருக்கலாம்.

நர்ஸ்: அம்மா, கொஞ்சம் அவரப் பேச விடுங்க. ஐயா, காலாட்டாதீங்க, மேசை ஆடுது. எழுத வரல.

டெய்லர்: இன்னும் எவ்ளோ இருக்கு?

நர்ஸ்: இப்பத்தான ஆரம்பிச்சோம்.

டெய்லர்: ஏம்மா, நானும் இத்தன வருஷமா அளவெடுக்கறவன்தான். அளவுன்னா அரை இருக்கணும், கால் இருக்கணும். வெறும் நாலு கட்டத்த வச்சுக்கிட்டு ஒரு ஆள எப்படி அளப்ப? இப்படித் தச்சா தோள்பட்டையே உக்காராது.

நர்ஸ்: உக்காருற மாதிரி நீங்கதான் உண்மைய சொல்லணும். முழுங்கறது...

டெய்லர்: கொஞ்சம்னு போடு.

மனைவி: கொஞ்சமா?

டெய்லர்: நீ சும்மா இரு.

நர்ஸ்: அடுத்தது. கை விரல் மரத்துப் போகுதா? ஊசி குத்தற மாதிரி இருக்கா?

டெய்லர்: இல்லவே இல்ல. பாத்தியா, பட்டுனு சொல்லிட்டேன்.

நர்ஸ்: வேலை செய்யச் சிரமமா இருக்கா?

மனைவி: வேலையா? ஆபரேஷன் ஆனதுலேர்ந்து வீட்டுல கெடக்கற தையல் மெஷின் பக்கமே போகலம்மா. கடைச் சாவி ஆணியிலயே தொங்குது.

டெய்லர்: அவ சொல்றதுதான். மெஷினத் தொடறதே இல்ல. இவ கூட ஒரு நாளு, சும்மா கெடக்கேன்னு சட்டைக்குப் பட்டன் வைக்க உக்காந்தா. ஊசிக் காது கண்ணுக்குத் தெரியல. காத்துல கோத்துக்கிட்டு இருந்தா.

மனைவி: என் கண்ணப் பத்தி இப்ப யாரு கேட்டா?

டெய்லர்: அதுக்கு ஒரு கட்டம் இருந்தா போட்டு விடும்மா. ரொம்ப அதிகம்.

நர்ஸ்: ஐயா... ஐயா, கேளுங்க. இது விளையாட்டு இல்ல. அடுத்த கீமோவ இதே அளவுல போடறதா, குறைக்கறதான்னு டாக்டர் இதையும் வச்சுத்தான் இன்னிக்கு முடிவு பண்ணுவாரு. நீங்க எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னு சொன்னா, அதே அளவுதான் ஏறும்.

டெய்லர்: ஏறட்டும். குறைச்சா நோய் திரும்ப வந்துடாதா?

நர்ஸ்: அதெல்லாம் அவரு பாத்துதான் குறைப்பாரு. உடம்புல இல்லாத பலத்த இருக்குன்னு சொல்லி மருந்த ஏத்திக்கறதுதான் ஆபத்து. போன தடவ போட்டுட்டுப் போய் மயங்கி விழுந்தீங்களாமே.

டெய்லர்: யாரு சொன்னா? நீ சொன்னியா?

மனைவி: நான் எதுவும் சொல்லல.

நர்ஸ்: சரி, விடுங்க. முதல்ல எடையப் பாத்துட்டு வந்துருங்க. வராண்டா முக்குல மெஷின் இருக்கு.

மனைவி: நானும் வரேன்...

டெய்லர்: கைய விடு. நடக்கத் தெரியும்.

மனைவி: செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க!

டெய்லர்: அளவெடுக்கறத எனக்கே சொல்லிக் குடுக்கறியா? வரேன்.

நர்ஸ்: ...போயிட்டாரு. அம்மா, ஒண்ணு கேக்கணும். எடை தடதடன்னு இறங்கிக்கிட்டே வருது. ஆனா பேண்ட்டு இடுப்புல கச்சிதமா நிக்குது, பெல்ட்டுகூட இல்ல. புதுசா தச்சீங்களா?

மனைவி: மெதுவாப் பேசும்மா, கதவு தெறந்திருக்கு.

நர்ஸ்: ஏன், என்ன விஷயம்?

மனைவி: நான்தான் பிடிச்சுத் தைக்கறேன். மத்தியானம் மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குவாரு பாரு, அப்ப. ஒவ்வொரு கீமோவுக்கு அப்பறமும் இடுப்ப இன்னும் கொஞ்சம்... எல்லாப் பேண்ட்டையும்.

நர்ஸ்: அவருக்குத் தெரியாதா?

மனைவி: தெரிஞ்சா நொறுங்கிடுவாரும்மா. முள்ளு எதக் காட்டினாலும் நம்ப மாட்டாரு, துணியத்தான் நம்புவாரு. எடை மெஷின் கோளாறுன்னு நானே சொல்லி வச்சிருக்கேன்.

நர்ஸ்: உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?

மனைவி: பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். நேரா ஒரு தையல் போடுவேன். மிதிக்க வேண்டியதுதான, மெஷின்ல எல்லாம் தயாராத்தான் இருக்கும்... நீ அந்த எடைய மட்டும் சத்தமாப் படிச்சிடாத. உன் கையப் புடிச்சுக் கேக்கறேன்.

நர்ஸ்: அம்மா, அது எப்படி நான்... டாக்டர்ட்ட மறைக்க முடியுமா?

மனைவி: டாக்டர்ட்ட சொல்லு. இவருக்கு வேணாம். சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. இந்தப் பேண்ட்டு ஒண்ணுதான் அவரு நல்லா இருக்காருன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. அதையும் உருவிட்டா... உஷ், வராரு.

டெய்லர்: உங்க மெஷின் கோளாறும்மா. ஒரு நல்ல மெக்கானிக்கப் பாத்துக் காட்டுங்க.

நர்ஸ்: உக்காருங்கய்யா. மூச்சு வாங்குது பாருங்க.

டெய்லர்: படி இருந்துச்சுல்ல, அதான்.

நர்ஸ்: வராண்டால ஏதுய்யா படி?

டெய்லர்: ...அடுத்த கேள்வியக் கேளு.

நர்ஸ்: எடை ரொம்பக் குறையுதேன்னு கவலைப்பட்டீங்களா?

டெய்லர்: இல்லவே இல்ல. எதுக்குக் கவலைப்படணும்? இந்தா பாரு, இடுப்புல ரெண்டு விரல் நுழையுதா? நுழையாது. ஆளு பொய் சொல்லுவான், மெஷின் பொய் சொல்லும், துணி சொல்லாது.

நர்ஸ்: அம்மா...

மனைவி: என்னை ஏன் பாக்கற? அவரு சொல்றத எழுதிக்க.

நர்ஸ்: எழுதிடவா? இல்லவே இல்லன்னு?

டெய்லர்: எழுதும்மா, வெளியில எத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்க.

நர்ஸ்: எழுதறேன். அப்பறம் அதே அளவு மருந்துதான் வரும். அதுக்கப்பறம்...

மனைவி: இரு! எழுதாத.

டெய்லர்: என்னடி?

மனைவி: ரொம்ப அதிகம்னு போடும்மா. துணியும் பொய்தாங்க சொல்லுது. நான்தான் சொல்ல வச்சேன். நீங்க தூங்கறப்ப இடுப்பப் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சேன். பாதி ஆளாயிட்டீங்க... அது உங்க கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு... உங்கள ஏமாத்திட்டேன். இந்த மருந்து இதே மாதிரி ஏறினா உங்க உடம்பு தாங்காதுங்க. எனக்குப் பயமா இருக்கு. திட்டணும்னா திட்டுங்க.

டெய்லர்: ...கேள்விய இன்னொரு தடவ சொல்லும்மா.

நர்ஸ்: எடை குறையறத நெனச்சுக் கவலை...

டெய்லர்: ரொம்ப அதிகம். முழுங்கறது, அத நெறையன்னு மாத்து. அப்பறம்... முன்னாடி ஒண்ணு கேட்டியே, விரல் மரத்துப் போறது. அதையும் அடிச்சுட்டு ரொம்ப அதிகம்னு போடு.

மனைவி: விரலா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!

நர்ஸ்: எப்பத் தெரியுது ஐயா? டம்ளரப் பிடிக்கறப்பவா, பட்டன் போடறப்பவா?

டெய்லர்: ஊசில நூல் கோக்கறப்ப. இவ காப்பிக் கலர் பேண்ட்ட மெஷின் மேல எடுத்து வச்சா காப்பிக் கலர் நூலு, சாம்பல் கலர வச்சா சாம்பல் நூலு... எவ்ளோ எச்சி தொட்டுத் திரிச்சாலும் விரலுக்கு நூல் இருக்கறதே தெரிய மாட்டேங்குது. ஆனா இவளுக்குத்தான் ஊசிக் காது தெரியாதேம்மா. நான் கோத்து வச்சுட்டுப் போய்ப் படுத்தாத்தான எனக்குத் தெரியாம இவ தைக்க முடியும்.