பார்சல் மேசையில் இயற்கணிதம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நிலைய அதிபர் ஜம்புலிங்கம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தேவசுந்தரி அம்மையாரே, திருத்தணி ரயில் நிலையத் தோழர்களே, எங்கள் மாலை வகுப்பின் ஏழு பேரே, பேச வராதவனைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமைப் பார்சல் எழுத்தர் ஜெபரத்தினம் இல்லை. பதினோரு நாள் மஞ்சள் காமாலை. வயது முப்பத்தெட்டு. இதற்கு மேல் அந்த வாக்கியத்தை எப்படி நீட்டுவது?

மூன்று ஆண்டுகள் அவருக்கு எதிரில் அமர்ந்து ரசீது எழுதியவன் நான். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவன். அவர் பள்ளியோடு நின்றவர். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதும் பெரியவர்களுக்குச் நம் தொழிற்சங்க அறையில் வகுப்பு நடத்த முடிவு செய்தோம். கணக்கை யார் எடுப்பது? கை தூக்கியது யார்? ஜெபரத்தினம்!

அவருக்கு இயற்கணிதம் அடியோடு மறந்துபோயிருந்தது. எனக்கே அது நேற்றுத்தான் தெரியும். அவருடைய துணைவியார் தேவசுந்தரி அம்மையார் சொன்னார்: "ஒருநாள் அவரு வேலைக்கு வரச்சொல்ல நானும் கூட வந்தேங்க. மணவூர்ல ஏறினதுலேர்ந்து நோட்டுல கணக்கு போட்டுக்கினே வந்தாரு. அரக்கோணத்துல வண்டி மாறணும். 'யோவ், வண்டி போவுது'ன்றேன். தலையே தூக்கல. போயிடுச்சி."

நமக்கு உதவுவதற்காக, வகுப்புக்கு ஒருநாள் முன்னால் அந்தப் பாடத்தைத் தானே படித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அது சிறிய காரியமா?

இங்கே பத்மா அக்கா இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. நெசவாளர் கடையில் சேலை மூட்டை கட்டும் தற்காலிக வேலை. டிசம்பருக்குள் தேர்ச்சிச் சான்றிதழ் காட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வேறு ஆள். இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் கணக்கில் மட்டும் தோற்றார். 'விகிதமுறு கோவையைச் சுருக்குக.' அந்த இடத்தில்தான் நின்றுபோவார். மேலே ஓர் எக்ஸ் இருந்தால், கீழே ஓர் எக்ஸ் இருந்தால், இரண்டையும் அடித்துவிடுவார்.

மதியம் சேலை மூட்டையைப் பார்சலில் பதிய வரும்போது வீட்டுப்பாட நோட்டையும் நீட்டுவார். ஜெபரத்தினம் விடை சொன்னதே இல்லை. மூட்டையைத் தட்டிக் காட்டுவார்.

"அக்கா, இதுல ஒரு சேலை வேணும். என்னா செய்வீங்க?"

"கட்டைப் பிரிப்பேன்."

"ஆங். கட்டைப் பிரிக்காம உள்ள கை வுட்டு உருவினா?"

"திருட்டு சார்."

"அதைத்தான் நோட்டுல பண்ணிக்கினு இருக்கீங்க. காரணியாப் பிரிங்க. மேலயும் கீழயும் ஒரே காரணி இருந்தா அப்புறம் அடிங்க. போலீஸ் வராது."

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வகுப்பை நான் எடுத்தேன். மேலே எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்பது. கீழே எக்ஸ் வர்க்கம் கழித்தல் மூன்று எக்ஸ். இரண்டு வர்க்கங்களையும் அடித்தேன். மிச்சத்தைச் சுருக்கி, மூன்றின் கீழ் எக்ஸ் என்று எழுதினேன். பெருமையாகத் திரும்பினேன்.

பத்மா அக்கா எழுந்தார். "தம்பி, எம்.ஏ. படிச்சவங்களும் திருடுவாங்களா?"

சாக்பீஸை வாங்கினார். மேலே, எக்ஸ் கூட்டல் மூன்று, எக்ஸ் கழித்தல் மூன்று. கீழே, எக்ஸ், எக்ஸ் கழித்தல் மூன்று. பொதுவானதை மட்டும் அடித்தார். மேலே எக்ஸ் கூட்டல் மூன்று, கீழே எக்ஸ் மட்டும் மிஞ்சியது.

அன்று வகுப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி ஜெபரத்தினத்திடம் கொண்டுபோனேன். மஞ்சள் படர்ந்த கண்களால் வரி வரியாகப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"பத்மா அக்கா."

"நீங்க என்னா போட்டீங்க?"

சொன்னேன். சிரித்தார். சிரிக்கும்போது வலித்தது. "அப்ப நீங்க பெஞ்சில உக்காருங்க. அவங்க நிக்கட்டும்."

மறுநாள் காலை போய்விட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பத்மா அக்கா என்னிடம் சொன்னார்: "நான் இந்த வாட்டி எழுதல தம்பி. கேக்கறதுக்கு ஆளில்ல." தத்துவத்தில் அதற்கு ஏதாவது பதில் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இன்று தெரிந்ததைச் சொல்கிறேன். தேர்வுக்குப் பத்தொன்பது நாட்கள். சங்க அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை ஆறு மணிக்குத் திறப்பேன். அடுத்த நாளும் திறப்பேன். தேர்வன்று காலை வரை திறப்பேன். இது நான் ஜெபரத்தினத்துக்குத் தரும் வாக்கு. கணக்கு எடுப்பேன் என்று வாக்குத் தர மாட்டேன். அது எனக்கு வராது, எல்லோரும் பார்த்தீர்கள்.

அக்கா, பெஞ்சில் என்னையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர் இருப்போம். நீங்கள் வராவிட்டால், நாங்கள் தப்பாகவே போட்டுக்கொண்டிருப்போம்.