துருத்தி நின்ற கல்யாணம்

— கதவைச் சாத்தாதீங்க யோஸ்ட் அண்ணே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்.

— கோயில்ல ஆர்கன் வாசிக்கிற லெபெரெக்ட் ஐயாவுக்கு, அதுக்குக் காத்தடிக்கத் துருத்தி மிதிக்கிறவன் வீட்டுல என்ன வேலை? அதுவும், குடிச்சிட்டு வந்து மேயர் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவன் வீட்டுல!

— நீங்க குடிக்கலை.

— அட விடுங்க. போதகர்கிட்ட அப்படிச் சொன்னதே நீங்கதானே? வேலையும் போச்சு. எம் பொண்டாட்டி தினம் என் வாயை மோந்து பாக்கறா.

— பயத்துல சொல்லிட்டேன். டிரெஸ்டன் பெரிய கோயில்ல ஆர்கன் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுக்கலாமான்னு பாக்க அங்கேருந்து வந்தவங்க முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. பாதியில காத்து நின்னு, ஆர்கன் கன்னுக்குட்டி மாதிரி முனகிச்சு. மாப்பிள்ளையே சிரிச்சான். பழியைத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன். சோறு இறங்கலை அண்ணே, அவ்வளவு கேவலமா இருக்கு.

— துருத்தியிலேருந்து காலை எடுத்தது நான்தானே?

— எடுக்க வெச்சது நான். பாட்டு முடியறப்போ அஞ்சாம் சுரத்துல இழுத்து நிறுத்துவேன், இல்லையா? எப்போடா வீடு வரும்னு கேக்கறவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பான். அப்புறம் முதல் சுரத்துல கொண்டுபோய் இறக்குவேன்.

— அப்பாடான்னு இருக்கும். நானும் இறங்கிடுவேன். ஆர்கனுக்குப் பின்னால உங்க மூஞ்சியா தெரியுது? எல்லாம் காதுதான்.

— அன்னிக்கு முதல் சுரத்துக்குப் போகலை. டிரெஸ்டன்காரங்க அசந்து போகட்டும்னு ஆறாம் சுரத்துக்குத் திருப்பிட்டேன். வாசல்வரைக்கும் கூட்டிட்டு வந்து, உள்ளே விடாம பக்கத்துச் சந்துல இழுத்துட்டுப் போற மாதிரி. வீட்டுலயே ரகசியமாப் பழகினேன். உங்ககிட்ட மூச்சு விடலை. முடிஞ்சதுன்னு நெனச்சு நீங்க இறங்கினீங்க.

— சரி, ஆனது ஆச்சு. உக்காருங்க, கஞ்சி சூடா இருக்கு.

— காலையில போதகர்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமையிலேருந்து உங்க வேலை உங்களுக்கு.

— அய்யய்யோ! உங்களை என்ன சொன்னார்?

— பொய்யனுக்குக் கோயில்ல இடமில்லைன்னுட்டார். டிரெஸ்டனுக்கும் ஆள் அனுப்பியாச்சு. இனி எந்த ஊர்லயும் என்னைச் சேக்கமாட்டாங்க. போகட்டும், இப்போதான் நெஞ்சுல பாரம் இறங்கிச்சு... என்ன அண்ணே, ஏன் அழறீங்க?

— ஐயா... கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூரா உங்க ஜன்னலுக்கு வெளியே நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். அந்த இடத்துல பாட்டு முடியாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்னால ஆர்கன் வாசிச்சவர் என்னை நாயேன்னுதான் கூப்பிடுவார். நீங்க டிரெஸ்டனுக்குப் போயிடக் கூடாதுன்னு, வேணும்னேதான் காலை எடுத்தேன்.