டிம்பனி மேல் பூசணிக்காய்

— இப்ப அந்தாண்ட போல்ட்டு, சரவணா. கால் சுத்து போதும். ஒரே பக்கமா முடுக்கிக்கினே போனா டிம்பனி மொரசுத் தோலு கோணிக்கும்.

— தெரியும் சாராக்கா. காக்களூர் கம்பெனியில தெனம் பைப்பு போல்ட்டு முடுக்கறதும் இப்டித்தான், எதிரெதிரா. இன்னா, தட்டிப் பாரு.

— இரு... டும்முன்னு இங்க சரியா சொல்லுது. இங்கயும் சரி. இந்த ஓரம் மட்டும் பேச மாட்டேங்குது, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது.

— பேச வெக்கிறேன் பாரு. ம்ம்... இப்ப?

— ஸ்தோத்திரம்! கண்ணு, நைட்டு ஷிப்டு முடிச்சுட்டு ஊட்டுக்குக்கூட போவாம நேரா சர்ச்சுக்கு வந்துட்ட. நர்மதா நாஷ்டாவ வெச்சிக்கினு, புருசன இன்னும் காணலியேன்னு வாசலப் பாத்துக்கினு இருப்பா. ஒனக்கு நான் இன்னாடா செய்யப் போறேன்?

— நீ தேங்ஸ் சொல்லாதக்கா, கூச்சமா கீது. போன மாசம் டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரில நெனவில்லாம கெடந்தப்ப, கும்மிடிப்பூண்டி வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து பிளேட்லெட் குடுத்தது யாரு? பீட்டர் மாமாதான? இப்ப இந்தச் சாவியத் திருப்புறது பாதி ஒன் ஊட்டுக்காரரு கைன்னு வெச்சுக்கோ.

— அவரு கையின்னா இந்நேரம் போல்ட்ட ஒடச்சிருக்கும். வுடு. பாஸ்டர் கறாரா சொல்ட்டாருடா. இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில இது தொப்பு தொப்புன்னு கத்துச்சுன்னா, வேற சபைக்குத் தூக்கிக் குடுத்துர்றதாம். கல்யாணத்துக்கு முன்னாலேந்து இத அடிச்சிக்கினு கீறேன். இது போச்சுன்னா நான் பாட்டுப் புஸ்தகத்தப் புடிச்சிக்கினு பின்னால ஒக்கார வேண்டியதுதான்.

— அதெல்லாம் போவாது. ஆனா பழைய தோலு எப்டிக்கா அந்த மாதிரி பள்ளம் வுழுந்துச்சு? கயட்டும்போது பாத்தேன், நடுவுல சட்டி கணக்கா குழி.

— அறுப்பின் பண்டிகை வந்துச்சில்ல? வெளஞ்சது, காச்சது எல்லாத்தையும் ஜனங்க இங்க கொணாந்து படைப்பாங்க. இது துணி போத்திக்கினு ஓரமா நின்னுச்சா, காணிக்க மேசன்னு நெனச்சு ஒருத்தர் பெரிய பூசணிக்காய வெச்சுட்டாங்க. அதப் பாத்து எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க. அரிசி மூட்ட, வாழத்தாரு, காலக் கட்டி ஒரு கோழி.

— கோழியா! த்தூ... அதோட எச்சத்தையா கோந்துன்னு நெனச்சு நகத்தால சொரண்டிக்கினு இருந்தேன்கா!

— சிரிக்க வெக்காதடா, காது கொடுத்துக் கேக்கணும். படைச்சத ஏலம் வுட்டு முடியற வரைக்கும் எல்லாம் அது மேலதான் கெடந்துச்சு. இரு, கீபோர்டுல சுருதி எடுக்குறேன்... இப்ப அடிக்கிறேன்...

— யக்கா!

— ஆண்டவரே. கேட்டியா? வயித்துக்குள்ள எறங்குது. பெடல மிதிச்சா சுருதி மேல போவுது, வுட்டா பழைய எடத்துக்கே வந்து நிக்குது. நீ நல்லா இருக்கணும் கண்ணு. நீயும் நர்மதாவும் நூறு வருசம் நல்லா இருக்கணும்.

— அழுவாதக்கா. தோலு நனையப் போவுது. சரி, அந்தப் பூசணிக்கா பார்ட்டி யாரு? சொல்லு, நாலு வார்த்த கேட்டுட்டுப் போறேன். இன்னா பேஜாரு பண்ணி வெச்சிருக்காங்க!

— அது இன்னாத்துக்கு இப்ப? வூட்டுக்குப் போ, இட்லி ஆறிடும்.

— அப்ப யாருன்னு ஒனக்குத் தெரியும்.

— வெக்கும்போது பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்.

— நின்னுக்கினா? ஒன் உசுரே இதுதான்! எடுன்னு சொல்ல வாய் வரலியா?

— எப்டிடா வரும்? நீ கண்ணு தொறந்துட்டன்னு ஆஸ்பத்திரிலேந்து போன் வந்த காலையில, ஒங்கூட்டுக் கொடியில காச்சத அறுத்து, இடுப்புல தூக்கிக்கினு நர்மதா வந்தா; இது மேல எறக்கி வெச்சுட்டு, ரெண்டு கையாலயும் அதக் கட்டிப் புடிச்சுக்கினு அழுதா.