மலைப்பாதையில் முந்நூற்றுப் பத்து வாட்

ஹலோ... ஹலோ! ஆ, இப்பக் கேக்குது. இருடா மச்சான், பாறை மேல நிக்கிறேன், இறங்கினா சிக்னல் போயிடும்... பதினோரு தடவை கூப்பிட்டியா? தெரியும், தெரியும், நம்பரைக் கேக்கத் துடிச்சிட்டிருப்ப. கோச்னா இப்படித்தான் இருக்கணும்... இரு, நான் முதல்ல சொல்லிடறேன். உக்காந்திருக்கியா?... நின்னுட்டே கேட்டா விழுந்துடுவ, உக்காரு.

முந்நூத்திப் பத்து!

...ஹலோ? லைன்ல இருக்கியா?... ஆமா, வாட்தான். பின்ன என்ன, கிலோவா? மொத்த ஏத்தத்துக்கும் சராசரி... நானேதான்டா சைக்கிளை மிதிச்சேன்! போன மாசம் முக்கி முக்கிப் பாத்தும் நூத்தித் தொண்ணூறு தாண்டல. நீ கேட்டது எவ்வளவு? இருநூத்தி இருபது. அதைக் காட்டினா நாளைக்கு ரேஸ்ல பேர் எழுதறேன்னு சொன்னியா இல்லையா?... சொன்ன. எழுது. பேனா இருக்கா?

...ம்... ம்... ஆமா, கிளம்பறதுக்கு முன்னாடி, மிதிக்கற சக்தியை அளக்கற அந்த மீட்டரைப் பூஜ்யத்துல வெச்சேன்... பெடல் மேல காலை வைக்காமத்தான் வெச்சேன்... பேட்டரியும் புதுசு. ஆனா இந்தப் பாதையில அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடா. ஒரு கல்லு ஏறினா அறுநூறுங்குது, அடுத்த கல்லுல பூஜ்யங்குது... தெரியும், நொடிக்கு நொடி பாக்காதன்னு சொன்ன. பாத்துட்டேன். பாத்துக்கிட்டே போய் முள்வேலியில சொருகிட்டேன்... எனக்கு ஒண்ணும் ஆகல, வேலிக்குத்தான்.

அதை விடு. ஒரு நியாயம் கேக்கறேன். ஓடைகிட்ட ஒரே சேறு, சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு ஏறினேன். நாக்கு வெளிய தள்ளிடுச்சு. மீட்டரைப் பாத்தா பூஜ்யம்! நான் சைக்கிள் மேல ஏறினாத்தான் உழைப்பு, சைக்கிள் என் மேல ஏறினா உழைப்பில்லையா?... சிரிக்காத.

என்ன?... மீட்டர் எந்தப் பக்கம் மாட்டியிருக்கா? இடது பக்கம்... ஆமா, ஒரு பக்கம்தான் இருக்கு... சரி... சரி... இடது காலை மட்டும்தான் அளக்குமா? அப்ப வலது காலு?... 'இதுவும் அவ்வளவுதான் மிதிச்சிருக்கும்'னு அதுவா நெனச்சுக்கிட்டு ரெண்டால பெருக்கிக்குமா?... ஓ.

ஓ...

இல்ல, சும்மாத்தான் 'ஓ'ன்னேன்... வலது காலுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு... நொண்டறேனா? யாரு?... சத்தியமெல்லாம் கேக்காத, பாறை மேல நிக்கிறேன், வழுக்கிடும்.

...சரி. சரிடா. புதன்கிழமை பரண்லேருந்து பழைய டயரை எடுக்கப் போய் ஏணியிலேருந்து விழுந்தேன். வலது முட்டி வீங்கிடுச்சு. ரெண்டு வாரம் சைக்கிள் பக்கமே போகக் கூடாதுன்னார் டாக்டர்... ஆமா, இன்னிக்கு இடது காலே ரெண்டு கால் வேலையையும் பாத்திருக்கு... ஆமா, அதை மெஷின் இன்னொரு தடவை ரெண்டால பெருக்கி... புரியுது, புரியுது! வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத.

டேய், உன் கால்ல விழறேன். உன் அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத. ஆஸ்பத்திரியில நாளெல்லாம் எக்ஸ்ரே எடுக்கறவ, அவ கண்ணே எக்ஸ்ரே. நொண்டறது தெரியக்கூடாதுன்னு மூணு நாளா அவளை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடியே நடக்கறேன். கடைக்குப் போனாலும் பின்னாடி, மாடிப்படி ஏறினாலும் பின்னாடி. 'என்ன, கல்யாணமான புதுசு மாதிரி பின்னாடியே சுத்தறீங்க'ன்னா. நானும் வழிஞ்சுக்கிட்டு நின்னேன்... இன்னிக்கா? ஆபீஸ்ல ஸ்டாக் எடுக்கறோம்னு சொல்லிட்டு வந்தேன்... ஹெல்மெட்டா? அதைப் பையில வெச்சு எடுத்துட்டு வந்தேன்டா, நான் என்ன முட்டாளா?... ஆமா, சைக்கிளைப் பையில வைக்க முடியாதுதான்.

அதெல்லாம் இருக்கட்டும். பேர் எழுதறியா?... ஏன்டா?... மூணு வருஷமா ரிசர்வ்டா மச்சான். மூணு வருஷமா ஓரமா நின்னு எல்லாருக்கும் தண்ணி பாட்டில் நீட்டியிருக்கேன். நாப்பத்தாறு ஆச்சு. ஒரே ஒரு தடவை நம்பரை முதுகுல குத்திக்கிட்டுக் கோட்டுல நிக்கணும்னு ஆசையா இருக்குடா. கடைசியா வந்தாலும் பரவால்ல... ம்... ம்... முட்டி போயிட்டா அடுத்த வருஷமும் இல்லதான்... தெரியும்டா... அழல, மூச்சு வாங்குது.

...இரு. மீட்டரை மாட்டினதே நீதானே? எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா? பின்ன எதுக்கு என்கிட்ட கேட்ட?... யாரு?... அக்காவா? 'காலைப் பத்திக் கேளு, அவர் வாயாலயே வரட்டும்'னாளா? எத்தனை மணிக்கு?... ஆறரைக்கா! நான் தெருமுனையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டேனே!... ஓஹோ, அதுக்குத்தான் பதினோரு தடவை கூப்பிட்டியா. நம்பருக்கில்ல. திரும்பி வரச் சொல்ல.

எப்பலேருந்து தெரியுமாம்?... புதன்கிழமையிலேருந்தேவா!

இருடா, இரு. உன் அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவுலயே ஓட்டமா ஓடற ஆளு. இந்த மூணு நாளா என்னடா அன்னநடை நடக்கறாளேன்னு பாத்தேன். மாடிப்படியில பாதி வழியில நின்னு நின்னு செருப்பைச் சரி பண்ணிக்கிட்டிருந்தா... எனக்காகத்தான் மெதுவா நடந்தாளா?

...ம்... ஒண்ணுமில்லடா.

சரி. பேரை எழுதாத. பாட்டில் நானே நீட்டறேன்... அதுவும் உக்காந்துக்கிட்டா? சரி, உக்காந்துக்கிட்டே நீட்டறேன்.

என்னது?... இங்கயா? எப்பக் கிளம்பினா?... ஆமாடா, கீழ நம்ம காரு நிக்குது. கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கறா. பாத்துட்டா! கையை ஆட்டறா... இல்ல, அது ஆட்டற மாதிரி தெரியல, 'வா, உன்னைக் கவனிச்சுக்கறேன்'ங்கற மாதிரி இருக்கு.

டேய், வெச்சிடாத! ஒரே ஒரு யோசனை சொல்லு. இப்ப நான் நொண்டிக்கிட்டே இறங்கறதா, நேரா நடந்து போறதா?... எதுடா நல்லது?... ஹலோ?... மச்சான்? ஹலோ!