ஒன்பதாவது வரி

— (பேனாவை முதலில் எடுக்கக் கூடாது. காபி பாதியாவது முடியட்டும். கல்யாணப் பேச்சை எடுத்து, போகிற போக்கில் தாளை நீட்ட வேண்டும். இருபது வருடமாகச் செவ்வாய்தோறும் என்னோடு பௌலிங் ஆடுகிறவள் நோரீன். என் முகத்தில் ஒரு பொய் ஓடினால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் முகத்தைக் கோப்பைக்குள்ளேயே வைத்துக்கொள், வெர்லா.)

— கோப்பைக்குள்ள என்ன தேடற வெர்லா? சர்க்கரை வேணுமா?

— போதும் கண்ணு. வாசனையே வயித்தை நிரப்பிடுச்சு. எத்தனை வகை சுடப்போற?

— என் பங்குக்கு ஆறு. அச்சுல சுடற இந்தப் பிட்செல் குக்கீ மட்டும் இருநூறு ஆச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க எட்டு வகை கொண்டுவராங்க. கேக் இல்லாமக்கூட இருந்துப்பா என் பொண்ணு டெஸ்ஸா, குக்கீ மேசை இல்லைன்னா மோதிரத்தைக் கழட்டிடுவா. சரி, நேராப் பேசு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஊர் ஆபீசைப் பூட்டிட்டு நீ குக்கீ பார்க்க வரல.

— படிவத்துக்காகத்தான் வந்தேன். பார்க் கொட்டகைக்கு நீ இன்னும் கையெழுத்துப் போடல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போடலைன்னா மெதடிஸ்ட் சர்ச்சுக்காரங்களுக்குப் போயிடும். நான் சொல்றது தப்பா இருந்தா சொல்லு, கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்கு. தீயணைப்பு ஹால்ல அன்னிக்கு பிங்கோ. நூத்தி இருபது பேரை உன் கார் ஷெட்ல உட்கார வைப்பியா?

— அந்த அச்சைத் தொடாத, சூடு. படிவத்தைக் குடு, படிக்கறேன். ஒண்ணு, குப்பையை நாங்களே அள்ளுவோம். சரி. நாலு, வாத்துக்கு ரொட்டி போட மாட்டோம். சரி. ஒன்பது. "எங்கள் கூட்டத்தில் எவரிடமும் துப்பாக்கி இல்லை, இருக்காது என்று உறுதி கூறுகிறேன்." இது சரியில்ல. என்கிட்ட இருக்கு. ஷெரிஃப் ஆபீஸ்ல விரல் ரேகை குடுத்து வாங்கின லைசென்ஸும் இருக்கு.

— அந்த வரியை யாரு கண்ணு படிக்கறா? நம்ம தீயணைப்புத் தலைவரோட அம்பதாவது பிறந்தநாள் அந்தக் கொட்டகையிலதான் நடந்துச்சு. ஜூலை வெயிலு. ஒருத்தனாவது சட்டையை உள்ள விட்டிருந்தானா?

— பாதிப் பேரு பெஞ்சுல ஒருக்களிச்சு உட்கார்ந்திருந்தாங்க, மூலம் வந்தவன் மாதிரி, இடுப்புல துப்பாக்கி உறுத்தி. நானும்தான் பார்த்தேன்.

— அவரும் கையெழுத்துப் போட்டாரு. போன கோடையில நம்ம மேயரும் போட்டாரு. எல்லாரும் போடறாங்க, எல்லாரும் வச்சிருக்காங்க, யாரும் கேக்கறதில்ல. ஊர் அப்படித்தானே ஓடுது?

— மேயர் போடட்டும். அவரை யாரும் கூண்டுல நிக்க வைக்கல. என் புருஷனா இருந்த ரஸ் என்னை என்ன பண்ணான்னு நான் கோர்ட்டுல சொன்னப்ப, அவன் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டான். எங்கயாவது எழுத்துல பொய் சொல்லியிருக்கீங்களான்னு. இல்லைன்னேன். அந்தக் கேஸே அந்த "இல்லை"லதான் நின்னுச்சு வெர்லா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வக்கீல் இந்தத் தாளைத் தூக்கிக் காட்டுவான். பாருங்க, பொண்ணு கல்யாணத்துக்கே பொய்க் கையெழுத்துப் போட்டவள்னு.

— அப்ப அன்னிக்கு ஒரு நாள் அதை வீட்ல வச்சுட்டு வந்துடேன். பொய்யும் இல்ல, வம்பும் இல்ல.

— கல்யாணத் தேதி ரஸ்ஸுக்குத் தெரியும். அவன் தங்கச்சி பொண்ணு ஃபேஸ்புக்ல போட்டுட்டா. போன வாரம் மருந்துக்கடை வாசல்ல காருக்குள்ள உட்கார்ந்திருந்தான். இறங்கல. கையை மட்டும் ஆட்டினான், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி.

— உன்கிட்ட நெருங்கக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு இருக்கே. போலீசுக்குச் சொன்னியா?

— சொன்னேன். மாநிலப் போலீஸ் வந்து சேர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ரொம்ப மரியாதையா எழுதிக்கிட்டுப் போனாங்க.

— அதுக்காகப் பொண்ணு கல்யாணத்துல சுடுவியா நீ? வாத்துக்கும் பூ தூவிட்டு வர்ற குட்டிப் பொண்ணுக்கும் நடுவுலயா?

— அது உனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கறதுன்னு தெரியல. சுடணும்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. கனமா இருக்கு, இடுப்புல காய்ப்பு காச்சிருக்கு, எனக்கு அது பிடிக்கவும் இல்ல. ஆனா அது இல்லாத நாள்ல எங்க உட்கார்ந்தாலும் கதவைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். யார் என்ன பேசினாங்கன்னு வீட்டுக்கு வந்தா ஞாபகமே இருக்காது. அது இருந்தா, எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பார்க்கறேன். அவ்வளவுதான். டெஸ்ஸா நடந்து வரும்போது நான் அவ முகத்தைப் பார்க்கணும்.

— (இதைக் கேட்டிருக்கக் கூடாது. தாளை நீட்டி, வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.)

— என்ன, மறுபடியும் கோப்பைக்குள்ள பார்க்கற?

— எனக்கு அந்தச் சாமானைக் கண்டாலே ஆகாது, உனக்குத் தெரியும். என் தம்பி லைல்.

— தெரியும். மான் வேட்டை தொடங்கின மொத நாள்.

— துப்பாக்கியைக் கார் பின்சீட்லருந்து உருவினான். குழல் அவன் பக்கம், வெடிச்சுடுச்சு. பத்தொன்பது வயசுடீ. அம்மா சாண்ட்விச் சுத்திக் குடுத்திருந்தா, அது பிரிக்காம திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்ல ஒரு தோட்டாகூட இருந்ததில்ல. பார்க்லயாவது இல்லாம இருக்கட்டும்னு ஒருத்தி நினைச்சா தப்பா?

— தப்பில்ல. நீ நினைக்கலாம், கவுன்சில்ல எழுந்து சொல்லலாம், மாநிலச் சபைக்கு எழுதிப் போடலாம். ஆனா பக்கத்து டேபிள்ல பீட்சா சாப்பிடறவன் சட்டைக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதப்ப, இல்லைன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கி ஃபைல்ல வச்சுக்கறதுல லைலுக்கு என்ன ஆகப்போகுது?

— சரி, அதை விடு. மேயர் ஒண்ணு சொல்லி அனுப்பினாரு. நீ இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா அன்னிக்கு யாரும் உன் பக்கத்துலயே வரமாட்டாங்க, பையைத் திறன்னு சொல்லமாட்டாங்க. அவர் வாய்ச்சொல். பதிலுக்கு உன் வக்கீல் பிரையர் அனுப்பின கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கணும். திங்கக்கிழமைக் கவுன்சில் கூட்டத்துல பேசறவங்க பட்டியல்ல உன் ஒரு பேருதான் இருக்கு. அதை அடிச்சுடணும்.

— அதாவது நான் மட்டும் வச்சுக்கலாம், வாயை மூடிக்கிட்டு.

— நான் சொல்றது தப்பா இருந்தா சொல்லு, உனக்கு வேண்டியது கிடைச்சுடுது இல்ல?

— எனக்குக் கிடைச்சுடும். டாலர் கடையில ராத்திரி ஷிஃப்ட் பார்க்கறாளே ஷெல்பி, அவளுக்கு? அவளுக்கும் இதே பார்க்தான் குறுக்கு வழி. அவளும் லைசென்ஸ் எடுத்திருக்கா. வாசல்ல துப்பாக்கி கூடாதுன்னு நிக்கற போர்டைப் பார்த்துட்டு நெடுஞ்சாலை ஓரமா சுத்திக்கிட்டுப் போறா. அவளுக்கு மேயர் வாய்ச்சொல் குடுப்பாரா? ஆமா, கடிதத்தை வாங்கறதுல ஏன் இவ்வளவு அவசரம்? பிரையர் அப்படி என்ன கேட்டுட்டான்? துப்பாக்கி விஷயத்துல ஊர் தனியா விதி போட மாநிலச் சட்டத்துல இடமில்லைன்னான். அப்படியும் போட்டிருந்தீங்கன்னா, கவுன்சில் எந்தத் தேதியில தீர்மானம் போட்டுச்சு, நகல் குடுங்கன்னான். அவ்வளவுதானே?

— தேடிக்கிட்டிருக்கேன்.

— ஒரு வாரமாவா?

— பழைய புத்தகம் எல்லாம் அடித்தளத்துல இருக்கு. ஒரே ஈரம்.

— வெர்லா, நான் தொண்ணூத்தி ரெண்டுல எடுத்த நாய் லைசென்சை நீ நாலு நிமிஷத்துல எடுத்துக் குடுத்தவ. அந்த நாய் பேரைக்கூட நீதான் எனக்கு ஞாபகப்படுத்தின.

— பிஸ்கட்.

— ஆமா, பிஸ்கட். இப்ப என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. கிடைக்கலையா?

— இல்ல.

— தொலைஞ்சு போச்சா?

— இல்ல கண்ணு. தீர்மானமே இல்ல.

— உட்காரு. எழுந்திரிக்காத. என்ன சொல்ற?

— பதினோரு வருஷம் முன்னாடி ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சே, பழைய படிவம் எல்லாம் புதுசா அடிக்கச் சொன்னாங்க. கொட்டகைப் படிவம் கிழிஞ்சு கிடந்துச்சு, பாதி எழுத்தே தெரியல. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊர் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி இருந்தா. அவங்க படிவம் அழகா இருக்கும். அனுப்பச் சொன்னேன். ஊர்ப் பேரை மாத்தினேன், ஆத்துப் பேரை மாத்தவேண்டியதில்ல. அச்சுக்கு அனுப்பிட்டேன்.

— அந்தப் பக்கம் வேற மாநிலமாச்சே. வேற சட்டமாச்சே.

— அது எனக்குத் தெரியாதா? தெரியாம விட்டேன்னு சொல்லிடலாம்னு இந்த ஒரு வாரமும் வாய்க்குள்ள சொல்லிப் பார்த்தேன். வரல. ஒன்பதாவது வரியைப் படிச்சேன் நோரீன். விரல் அதை அழிக்கற பொத்தான்மேலதான் இருந்துச்சு. லைல் ஞாபகம் வந்தான். இருக்கட்டுமேன்னு விட்டேன். யாராவது கேட்டா எடுத்துடலாம்னு நினைச்சேன். யாருமே கேக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, படிவத்துல இருக்கேன்னு பார்க்ல போர்டு அடிச்சு நட்டாங்க. அப்புறம் போர்டு இருக்கேன்னு எல்லாரும் சட்டம் இருக்குன்னு நம்பிட்டாங்க. மேயர் உட்பட.

— அப்ப மேயருக்குத் தெரியாது?

— யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான். இப்ப.

— பதினோரு வருஷமா இந்த ஊரே ஒரு வரிக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கு. அந்த வரி சட்டமே இல்ல.

— சிரிக்காதடீ.

— சிரிக்கல. சரி, கொஞ்சம் சிரிச்சேன். ஷெல்பி தினமும் ஒண்ணரை மைல் சுத்திப் போறதை நினைச்சா சிரிப்பு நின்னுடுது.

— அவ சுத்திப் போறது இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— உனக்கு செப்டம்பர்ல ஓய்வு இல்ல?

— முப்பத்தோரு வருஷம். பார்க்ல ஒரு பெஞ்சு போடறாங்களாம், என் பேர் பொறிச்சு. அந்தப் போர்டுக்குப் பக்கத்துலயே இடம் பார்த்திருக்காங்க.

— (இப்போது பிரையருக்கு ஃபோன் போடுவாள். போடட்டும். நான் அவள் இடத்தில் இருந்தால் போடுவேன். விசித்திரமாக இருக்கிறது, பயமே இல்லை. வாரம் முழுக்க அடித்தளத்தில் புத்தகங்களைப் புரட்டும்போது இருந்த பயம் எங்கே போனது?)

— வெர்லா. அச்சுல மாவு கருகுது, அந்த ஸ்விட்சை அணை. கேளு. இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல.

— என்ன பேசற நீ?

— ஆஸ்பத்திரியில நான் ரஸ் உடைச்ச தாடையில கம்பியோட கிடந்தப்ப, டெஸ்ஸாவைத் தினமும் பள்ளிக்கூடத்துல கொண்டுவிட்டது யாரு? உன் பேரைப் பேப்பர்ல போட்டு, உன் பெஞ்சைப் பிடுங்கி, நான் என்ன ஜெயிக்கப்போறேன்? பிரையர்கிட்டக் கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லிடறேன். டெஸ்ஸாவுக்குக் கொட்டகை கிடைக்கட்டும். அன்னிக்குத் துப்பாக்கியை வீட்டுல வச்சுடறேன், அப்ப கையெழுத்தும் பொய்யாகாது. ஒரு நாள்தானே. கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்.

— நோரீன்.

— மணி நாலரை ஆகுது. பேனாவைக் குடு.

— (இதற்காகத்தான் வந்தேன். இதையேதான் கேட்டேன். அவள் கை நீண்டுவிட்டது, உள்ளங்கையெல்லாம் மாவு. என் கைப்பை மடியில் இருக்கிறது. அவள் மகள் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மேசையில் நானும் உட்கார்ந்து குக்கீ தின்பேன்.)

— குடு வெர்லா. நேரமாச்சு.

— இல்ல கண்ணு, தரமாட்டேன். இன்னிக்கு இந்தப் பேனா எனக்கு வேணும். திங்கக்கிழமை பேசறவங்க பட்டியலை அஞ்சு மணிக்கு நான்தானே மூடணும், அதுக்குள்ள உன் பேருக்கு மேல என் பேரை எழுதணும்.