வாழ், வாள், வால்

என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் டீயை நான்தான் போட்டுக் கொடுப்பேன், சர்க்கரை தூக்கலாக. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கும் அவனுக்கும் பகை என்று சிலர் கதை கட்டிவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. நான் செய்ததெல்லாம் ஆட்டத்தின் சமநிலைக்காகச் செய்தது.

ஆட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசை, கொஞ்சம் பகடைகள், சுற்றி உட்கார ஆட்கள். ஆளுக்கொரு மாயலோகத்து வேஷம் போட்டுக்கொண்டு வாயாலேயே காட்டுக்குள் போவார்கள், வாயாலேயே சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா தப்பியதா என்று பகடை சொல்லும். கதை சொல்வதும் விதிகளை எழுதுவதும் என் பொறுப்பு. அந்தப் பதவிக்கு நடத்துநர் என்று நானே பெயர் வைத்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள். உள்ளே வரும்போதெல்லாம் "ஒரு டிக்கெட் குடுங்க" என்பார்கள். அதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு மதியம், பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடுவோம். டாக்டர், நெருப்பர் இனத்து மந்திரவாதி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக், குறளர் இனத்துத் திருடன். என் மனைவி நெடியர் இனத்து வீராங்கனை. மூன்று ஆள் உயரம், கையில் கோடரி. அவள் தம்பி, அதாவது என் மச்சினன், நீரர் இனத்து வைத்தியன்.

இனங்களைச் சமமாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருத்தருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். குறளர்களுக்கு இருட்டில் கண் தெரிவது அதிகப்படி என்று பட்டது, பிடுங்கிவிட்டேன். நெருப்பர்களின் ஆயுளைப் பாதியாக்கினேன். பறக்கிற இனம் ஒன்றும் இருந்தது, குஞ்சு குளுவான்களோடு. யாருமே அந்த வேஷத்தைக் கேட்கவில்லை. ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர்களை அடியோடு ஒழித்தேன். நிர்வாகம் என்றால் இதெல்லாம் இருக்கும்.

தலைவலி வைத்தியத்தில்தான் வந்தது. மச்சினன் பகடையை உருட்டினால் எந்தக் காயமும் ஆறிவிடும். யோசித்துப் பாருங்கள், இத்தனை வருஷ ஆட்டத்தில் ஒரு சாவுகூட இல்லை. நான் வாரக்கணக்காக மண்டையைக் குடைந்து ஒரு டிராகனை உருவாக்கினேன். அது என் மனைவியின் கையைக் கடித்து விழுங்கியது. அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "தம்பி இருக்கான்ல" என்றாள். அவன் உருட்டினான். கை முளைத்துவிட்டது. டாக்டர் அவன் முதுகில் தட்டினார், மெக்கானிக் விசிலடித்தார். என் டிராகனை ஒரு ஆள் மதிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்பது பெரிய வார்த்தை, லேசாகக் காந்தியது.

ஆகவே விதியைத் திருத்தினேன். இனிமேல் மந்திரம் போடுகிறவர் பகடை உருட்டினால் மட்டும் போதாது, மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். கேட்பவர் காதில் எது விழுகிறதோ அதுதான் நடக்கும். எல்லா இனத்துக்கும் ஒரே சட்டம். நெருப்பருக்கு 'எரி'. குறளருக்கு 'மறை'. நெடியருக்கு 'வளர்'. நீரருக்கு, வைத்தியம் என்பதால் பொருத்தமாக, 'வாழ்'.

எல்லாமே ஒற்றைச் சொல். இதைவிட நியாயமாக எப்படி எழுதுவது?

விதியை வெளியிடுவதற்கு முன்பு கொஞ்சம் ஆராய்ச்சி செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மச்சினனுக்குத் தினமும் போன் போட்டேன்.

"இன்னைக்கு என்ன கிழமை மாப்ளே?"

"செவ்வாக்கிளமை அத்தான்."

மறுநாள், "அங்க மழையா?"

"மளையா? வெயில் கொளுத்துது அத்தான்."

"எழுபதுல ஏழு போனா எவ்வளவு?"

"அறுபத்தி மூணு."

அதில் அந்த எழுத்து சிக்கவில்லை. ஆனால் மறுநாள் பழக்கடையில் என்ன வாங்கினான் என்று கேட்டபோது மொத்தமாகச் சிக்கியது. தன் அக்காவிடம் அவன், "அத்தான் இப்பல்லாம் தினமும் போன் பண்றாருக்கா" என்று பூரித்துப்போய்ச் சொன்னானாம். பாவம், அவன் மனசு வெள்ளை.

ஒரு ஞாயிறு டிராகனை மறுபடி அழைத்து வந்தேன். இந்த முறை அது என் மனைவியின் நெஞ்சில் கடித்தது. நெடியர்குலத்து வீராங்கனை, எத்தனையோ கோட்டைகளை உடைத்தவள், குகைத் தரையில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய உயிர் மூன்று புள்ளிதான் பாக்கி. எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. எழுந்து நின்று, கையை நீட்டி, உருக்கமாகச் சொன்னான்.

"வாள்."

"ஆகாயத்திலிருந்து ஒரு வாள் வந்து அக்காவின் தொடையில் இறங்குகிறது" என்றேன். "ஒரு புள்ளி போச்சு."

"ஐயையோ, அதில்ல அத்தான். வாள்!"

"இன்னொரு வாள். இந்த முறை தோளில்."

பல் டாக்டர் பதறிப்போய் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டார். "நாக்கு நுனிய உள்பக்கமா மடிங்க. அண்ணத்துல ஒட்ட விடாதீங்க. ஆங், அப்படியே... இப்ப சொல்லுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "வால்" என்றான்.

வால் முளைத்தது. விதி என்றால் விதி. மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல், "அக்கா, குரங்கு வாலா, குதிரை வாலா?" என்றார். என் மனைவிகூடச் சிரித்தாள். மச்சினன் சிரிக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை முயன்றான். மூன்றாவது வாள் நெஞ்சில் இறங்கியது.

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "என் வாயாலயே எங்கக்காவ கொன்னுட்டேனே" என்று தேம்பினான். நான், "அடுத்து யார் முறை?" என்று கேட்டேன். ஆட்டம் தேங்கக் கூடாது அல்லவா.

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எரி, மறை, வளர். எங்க யாரு மந்திரத்துலயும் அந்த எழுத்து வரல. அவனுக்கு மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

"தற்செயல்" என்றேன்.

மச்சினன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "அப்ப தினமும் கிளமை கேட்டதெல்லாம்?"

இதற்குமேல் மறைப்பது எனக்கு அழகில்லை. ஆமாம், எல்லாம் திட்டம் போட்டுச் செய்ததுதான். அவன் நாக்கை அளந்து, அந்த அளவுக்கு ஒரு மந்திரம் தைத்தேன். அவன் வாயாலேயே யாராவது சாக வேண்டும் என்று நினைத்தேன். அது என் மனைவியாக அமைந்தது டிராகனின் முடிவு. இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

"நான் பாசம்னு நெனச்சேன் அத்தான்" என்றான் அவன்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பகடைகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

என்னை நீக்க வேண்டும் என்று மெக்கானிக் எழுந்தார். என் மனைவி கையமர்த்தினாள். "ஒரு வாய்ப்பு தரலாம். அந்த மந்திரத்த நீங்களே ஒரு தடவ சொல்லுங்க. சரியா சொன்னா நான் உயிரோட எழுந்துக்கறேன், எல்லாத்தையும் மறந்துடலாம். தப்பா போச்சுன்னா அந்த நாற்காலிய விட்டு எழுந்துடுங்க, இனிமே தம்பிதான் கதை சொல்லுவான்."

இவ்வளவு சுலபமான தண்டனையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பேச்சத்தான கேக்குறேன். சும்மா சொல்லுங்க."

மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டார். என்மேல் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து, தொண்டையைச் செருமி, அந்தச் சொல்லைச் சொன்னேன். வாழ். கணீரென்று.

"குத்திருச்சு" என்றாள் என் மனைவி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

இன்னும் அழுத்தமாகச் சொன்னேன்.

"மறுபடியும் குத்திருச்சுங்க."

மெக்கானிக் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கே போய்விட்டார். டாக்டர் டார்ச்சை எடுத்து வந்து என் வாய்க்குள் அடித்து, "நாக்கு மடங்கவே இல்ல சார்" என்றார். அவ்வளவுதான், என் பதவி போய்விட்டது. இப்போது நான்தான் அங்கே டீ போடுகிறேன்.

ஆனால் அன்றைக்கு அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "எனக்கு சரியாத்தான் கேட்டுச்சு அத்தான்" என்றான். நேர்மையாகச் சொல்லப்போனால், அந்த மேசையில் காது ஒழுங்காக இருப்பது அவன் ஒருவனுக்குத்தான்.